மணலில் வரைந்த நிலம்

"கோயி ஷக்?" என்று கேட்டுவிட்டு அவர் மேடையில் காத்திருந்தார். இந்தி தெரியாதவர்களுக்காகத் தமிழிலும் கேட்டார்: "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" கள்ளக்குறிச்சியின் அந்தக் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருப்போம். அரிசி ஆலை, மண்டி, சேகோ பேக்டரி, ஜவுளி, நகை, உரம் என்று ஊரின் வியாபாரம் முழுக்க நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. பின்கட்டிலிருந்து சாம்பாருக்குத் தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. ஐந்தாறு விநாடி இருக்கும். பிறகு யாரோ தொடங்கிவைக்க, மண்டபம் நிறையக் கைதட்டல். அந்த ஐந்தாறு விநாடியை என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. கேட்க என்னிடம் ஒன்று இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அது கேள்வியாகத் திரளவில்லை. நெஞ்சில் மாட்டிக்கொண்ட சோற்றுப் பருக்கைபோல வலியாகத்தான் இருந்தது. அதைக் கேள்வியாக ஆக்கிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பேசியவர் தரைப்படையில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிறார், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். சேகோ வியாபாரத்தில் இருக்கும் என் மச்சான்தான் கூட்டிக்கொண்டு போனார். கர்னலை நான் குறை சொல்ல வரவில்லை. நல்ல குரல். சொல்லைத் தேடாத பேச்சு. தமிழ் மேடைகளில் நாம் பழகிப்போன ஏற்ற இறக்கமும் அடுக்குமொழியும் அவரிடம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். வியாபாரமும் ஒரு போர்தான் என்றார். சந்தையைக் களம் என்றார், போட்டியாளரை எதிரி என்றார், ஆட்களைத் துருப்பு என்றார். மூன்றாம் பாடம் வந்தபோது ஓர் இரவு ரோந்தைப் பற்றிச் சொன்னார். மலைச்சரிவு, மழை, முன்னால் போன பையன். அவன் திரும்பவில்லை. அந்த இடத்தில் அவர் கை மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தேடியது. மூடியைத் திறந்தார், குடிக்கவில்லை, மூடினார். பிறகு திரையில் அடுத்த பக்கம் வந்தது: தகவல் இல்லாமல் முடிவு எடுக்காதே. என் பக்கத்தில் மச்சான் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பருக்கை மாட்டியது அங்கேதான். ஒருவனுடைய சாவு ஒரு வரியாக, அதுவும் எண் போட்ட ஒரு வரியாக, என் கண்முன்னே மாறியது.

ஆனால் வேறென்ன செய்ய முடியும் அவரால்? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை. இழப்பை அப்படியே வைத்துக்கொண்டு யாராலும் வாழ முடியாது. அதை ஏதோ ஒன்றுக்கு உதவும்படி ஆக்கிக்கொள்கிறோம். கிணற்றில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் ஊரிலுள்ள கிணறுகளுக்கெல்லாம் கம்பிவலை போடச் சொல்லி அலைகிறது. அதுவும் சாவைப் பாடமாக்குவதுதான். ஆனால் அந்தக் குடும்பம் கிணற்றைக் காட்டும். இந்தக் கிணறு, இந்தப் படி, இந்தப் பாசி என்று காட்டும். மண்டபத்தில் நான் கேட்ட கதையில் மலை இருந்தது, எந்த மலை என்று இல்லை. பையன் இருந்தான், எந்த ஊர்ப் பையன் என்று இல்லை. எந்த ஊர் மண்டபத்திலும் அப்படியே எடுத்து வைக்கக்கூடியதாக அந்தக் கதை இழைத்து இழைத்து வழவழப்பாக்கப்பட்டிருந்தது. இராணுவத்தினர் பேசும் முறையே அதுதானோ என்று அன்று நினைத்தேன். இல்லை என்று எனக்குச் சொன்னவர் மண்டபத்தின் வாசலில் நின்ற காவலாளி.

மச்சான் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது வெளியே வந்து நின்றேன். நீலச் சட்டை, தோளில் நிறுவனத்தின் பட்டை, கீழே மட்டும் பழைய இராணுவ பூட்ஸ். பதினேழு வருடம் சர்வீஸ், ஹவில்தாராக ரிலீவ் ஆனவர். கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்து ஊர். கதவு திறந்தும் மூடியும் இருந்ததில் பேச்சைப் பாதிப் பாதியாகக் கேட்டிருக்கிறார். "எங்க யூனிட்ல எல்லாம் ஸ்டேஜ் கிடையாதுண்ணா" என்றார். "தரையில உக்காருவோம். நடுவுல சேண்ட் மாடல்." ஒரு செயலுக்குப் போகுமுன் மணலைக் குவித்துப் போகப்போகும் நிலத்தையே சின்னதாகச் செய்துவிடுவார்கள். ஆற்றுக்கு நீலப் பொடி, பாதைக்குக் கயிறு, வீடுகளுக்குத் தீப்பெட்டி, மரங்களுக்குக் குச்சி. அதிகாரி ஒரு கோலை வைத்துக்கொண்டு முதலில் நிலத்தைச் சொல்வார். மேடு எது, ஓடை எது, மறைப்பு எங்கே, எங்கே நிலா வெளிச்சம் விழும். அதற்குப் பிறகுதான் எதிரி யார், நம் ஆள் எங்கே, என்ன செய்ய வேண்டும், எப்படி என்பதெல்லாம். சோறு எங்கே வரும், தண்ணீர் எவ்வளவு, அடிபட்டவனை யார் தூக்குவது, எந்த வழியாகக் கொண்டுவருவது என்பதும் சொல்லப்படும். எல்லாம் முடிந்த பிறகு கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வைத்துக்கொண்டு, "கோயி ஷக்?" என்று கேட்பார். "அங்க சும்மா இருக்க முடியாதுண்ணா. தெரியாததைக் கேக்காம போனா, பக்கத்துல இருக்கறவன்தான் சாவான்." சொல்லிக்கொண்டே காலால் ஜல்லியை ஒதுக்கி, விரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். அவருக்கே தெரியாமல் வந்த கோடு அது. கோமுகி, என்றார். இது அணை, இது எங்க ஊரு.

முதலில் நிலம் என்ற அந்த வரிசை என்னை உலுக்கியது. தமிழில் பொருளிலக்கணம் படித்தவர்களுக்கு அது புதிதல்ல. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும்தான். காதலிப்பவர்கூட அதற்குப் பிறகுதான் வருகிறார். எங்கே, எப்போது என்பது நிலைக்காமல் எவர் உணர்ச்சியையும் பேசத் தொடங்க முடியாது என்ற அந்தப் பழைய அறிவும், மணலைச் சுற்றிக் குத்தவைத்திருக்கும் சிப்பாய்களின் அறிவும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. எங்கள் ஊர்ப்பெயரின் பின்பாதியில்கூட நிலம் இருக்கிறது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கான பெயர். மேற்கே தெரியும் கல்வராயன் மலையை விட்டுவிட்டு இந்த ஊரைச் சொல்ல முடியாது. கோமுகி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. மண்டபத்தில் ஒரு மணி நேரம் களம், களம் என்று கேட்டோம். கோமுகி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மரவள்ளி எப்போது கிளறப்படும், கிழங்கைக் கிளறி எத்தனை நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் கெட்டுப்போகும் என்பது அங்கிருந்த அத்தனை சேகோக்காரர்களுக்கும் உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். பொழுதை அவர்கள் அறிவார்கள். அந்த அறிவை அவர்கள் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இராணுவத்திலிருந்து மேடைக்கு வந்தவர்களில் நம் மாநிலத்துக்கு நெருக்கமானவர் சாம் மானெக்‌ஷா. 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆனார், அதே மாதம் தளபதி பொறுப்பை விட்டார், குன்னூரில் குடியேறினார், பல நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்தார், தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்லி அழைத்த இடங்களுக்கெல்லாம் போனார். 2008-இல் வெலிங்டனில் இறந்தார், உதகையில் அடக்கமானார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. 1971 ஏப்ரல். கிழக்கு வங்கத்துக்குள் படையை அனுப்பச் சொல்கிறார் இந்திரா காந்தி. மானெக்‌ஷா இப்போது முடியாது என்கிறார். அவர் அடுக்கிய காரணங்களைக் கவனித்தால், எல்லாமே நிலமும் பொழுதும். மழை தொடங்கிவிட்டால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும். பனி விழுந்து இமயக் கணவாய்கள் மூடினால்தான் சீனாவைப் பற்றிய கவலை குறையும். அறுவடைக் காலம், தானியம் ஏற்ற ரயில் பெட்டிகள் வேண்டும், படைக்கும் அதே பெட்டிகள் வேண்டும். போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். இந்தக் கதையை நிறுவன மேடைகளில் இன்று சொல்கிறவர்கள் ‘மேலிடத்திடம் இல்லை என்று சொல்லும் துணிவு’ என்று தலைப்பிடுகிறார்கள். துணிவு சரிதான். ஆனால் அந்தத் துணிவு ஆகாயத்திலிருந்து வரவில்லை. ஆறு எப்போது பெருகும் என்று தெரிந்திருந்ததிலிருந்து வந்தது.

இந்தக் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. காலாட்படை அதிகாரியாக இருந்து பிறகு வரலாற்றாசிரியரான ஸ்ரீநாத் ராகவன், 1971 பற்றி 2013-இல் எழுதிய நூலில் இதைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். அந்த ஏப்ரலில் இந்திராவின் அரசே உடனடிப் போரை விரும்பவில்லை, பொறுமையற்ற பிரதமரைத் தளபதி ஒற்றையாளாகத் தடுத்தார் என்பதற்கு ஆவணங்கள் இடம் தரவில்லை என்பது அவர் வாதம். மானெக்‌ஷா பொய் சொன்னார் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. பர்மாவில் 1942-இல் உடம்பெல்லாம் குண்டு வாங்கி, சாகப்போகிறவன் என்று கருதப்பட்டுப் பிழைத்த மனிதர் அவர். சொல்லச் சொல்ல, கேட்பவர்களின் முகம் எங்கே மலர்கிறதோ அந்தப் பக்கம் கதை சாய்ந்துகொண்டே போகும். மேடை அதைத்தான் செய்கிறது. பலர் கூடித் தயங்கி எடுத்த முடிவு, ஒருவர் நிமிர்ந்து நின்று சொன்ன ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழர்கள் பெரும்பாலும் சினிமா வழியாக அறிந்த இன்னொரு வாழ்க்கையும் இப்படித்தான் இடம் பெயர்ந்தது. கர்நாடகத்துக் கோரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத், 1971 போரில் இருந்தவர், இருபத்தெட்டு வயதில் படையை விட்டவர். குடும்ப நிலம் ஹேமாவதி அணையில் மூழ்கிப்போக, மாற்றாகக் கிடைத்த தரிசில் கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் பார்த்தார். பல ஆண்டுகள் தென்னையும் பட்டுப்புழுவும் அவர் வேலை. இயற்கை முறைப் பட்டுவளர்ப்புக்காக 1996-இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஹெலிகாப்டர் நிறுவனம் அதற்குப் பிறகு, ஏர் டெக்கான் 2003-இல். 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’ அந்த வாழ்க்கையைச் சோழவந்தானுக்குக் கொண்டுவந்தது. தரைப்படைக்காரரை விமானப்படைக்காரர் ஆக்கியது. கதை நம் மண்ணில் வேர்பிடிக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தரிசுநில ஆண்டுகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. படையில் கற்றதை அவர் முதலில் கொண்டுபோய்ச் சோதித்தது தண்ணீரில்லாத ஒரு நிலத்தில். அங்கே அவர் கட்டளையிட்டுத் தென்னை காய்த்துவிடாது. அவருடைய விமான நிறுவனம் பின்னால் வேறு கைக்குப் போனது, வாங்கிய நிறுவனமும் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. தோல்வியும் சேர்ந்ததுதான் அனுபவம்.

வியாபாரமும் போரும் ஒன்று என்பதை எங்கள் பக்கத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் தியாகதுருகம் மலைக்கோட்டை நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கோட்டை. இருபுறமும் நின்றவை வியாபாரக் கம்பெனிகள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாண்டாகச் சொல்லும் 1758-உம் அந்தக் காலத்ததுதான்; கும்பெனி தன் சரக்கையும் கோட்டையையும் காக்க இங்குள்ள ஆட்களைப் பட்டாளமாக்கிய காலம். வியாபாரி படைத்தலைவனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் இருநூறு வருடம் அனுபவித்திருக்கிறது. விலை பேசுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் மறுக்கவும் முடிய வேண்டும். போரில் எதிரே இருப்பவர் இல்லாமல் போக வேண்டும். மண்டியில் எனக்கு எதிர்த்தாற்போல் கடை போட்டிருப்பவரின் மகள் கல்யாணத்துக்கு நான் மொய் எழுதுகிறேன். அவரை எதிரி என்று ஒரு மணி நேரம் நினைத்துப் பழகினால், அந்தப் பழக்கம் வீட்டுக்கு வரும்போது கூடவே வராதா?

போட்டியாளரைவிட, ‘துருப்பு’ என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. மண்டபத்தில் இருந்தவர்களிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்களில் பலர் மலையிலிருந்து இறங்குகிறவர்கள். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றும் ஏறக்குறைய முப்பது வருடம் ஓடி, 1976-இல்தான் அரசு அதைத் தன்வசம் எடுத்தது. அதுவரை வரியும் வெட்டிவேலையுமாக, சொன்னதைச் செய்யும் வாழ்க்கை. இன்று எழுபது வயதிலிருக்கும் மலையாளிப் பழங்குடிக்காரருக்கு அது தன் இளமையின் நினைவு, பாட்டன் கதை ஆகிவிடவில்லை. கீழே 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், மேலே மலையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக் கேட்கத் தொடங்கியது. சாலையில்லாத ஊர்கள் அப்போதுதான் செய்தியாயின. சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரச் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களை நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஆட்கள். கல்வராயனிலிருந்தும் செம்மரம் வெட்ட அந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களை லாரியில் ஏற்றி அனுப்பும் ஏஜெண்டு காட்டுக்குள் நுழைவதில்லை. அவனும் ஆள் திரட்டுகிறான், இலக்கு வைக்கிறான், கட்டளையிடுகிறான்.

அப்படியானால் இராணுவக் கட்டளைக்கும் அந்த ஏஜெண்டின் கட்டளைக்கும் என்ன வேறுபாடு? சீருடை என்றால் அது பதிலாகாது. டேராடூனில் இந்திய இராணுவக் கழகத்தை 1932-இல் தொடங்கிவைத்தபோது ஆங்கிலேயத் தளபதி சேட்வுட் ஆற்றிய உரையின் சாரத்தை அங்கே பயிலும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: நாடு முதலில், உன் ஆட்கள் அடுத்து, உன் சுகம் எப்போதும் கடைசி. ஆள வந்தவர்களின் தளபதி ஆளப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குச் சொன்னது அது. அவர் எந்த எண்ணத்தில் சொன்னாரோ, அந்த வரிசை உண்மையாகவே வாழப்பட்டிருக்கிறது. படைப்பிரிவு சாப்பிட்ட பிறகு தட்டெடுக்கும் இளம் அதிகாரிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கட்டளையிடும் உரிமையை அவர்களுக்குத் தருவது தோள்பட்டை நட்சத்திரம் மட்டும் இல்லை. குண்டு விழும் அதே சரிவில் அவர்களும் நிற்கிறார்கள். மணலில் கோலால் காட்டிய ஓடையை மறுநாள் இரவு அவர்களும் தாண்ட வேண்டும். மண்டபத்தில் பாடங்களைப் படம் எடுத்துக்கொண்டவர்கள் கட்டளையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஓடையைத் தாண்டும் பங்கு திரையில் வரவில்லை. ஆலையில் ஈர மாவுத் தொட்டிக்குள் இறங்குகிறவரும் குளிரறையிலிருந்து கணக்குப் பார்க்கிறவரும் ஒரே நிலத்தில் நிற்காதபோது, ‘துருப்பு’ என்ற சொல் ஜாகீர்தாரின் சொல்லாகத்தான் மலையிலிருந்து வந்தவரின் காதில் விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே போர்முனையிலிருந்து இரண்டு பேர் திரும்புகிறார்கள். அதிகாரிக்கு ஐஐஎம்களில் ஆறு மாத நிர்வாகப் படிப்பு காத்திருக்கிறது, இயக்குநர் நாற்காலி, மைக். சிப்பாய்க்கு நாற்பது வயதுக்குள் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுக் கழகமான டெக்ஸ்கோ வழியாகவோ தனியார் வழியாகவோ ஏதோ ஒரு வாசல். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடித்து, நான்கில் மூன்று பேர் இருபதுகளிலேயே ஊர் திரும்பப்போகிறார்கள். இந்த மாவட்டத்துக்கும் வருவார்கள். அவர்களும் மணலைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான். தண்ணீரை எண்ணத் தெரிந்தவர்கள், அடிபட்டவனைத் தூக்கும் வழியை முதலிலேயே கேட்டு வைக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் யாரும் பேசச் சொல்லிக் கேட்பதில்லை. நானும் அன்று கேட்டிருக்கமாட்டேன், மச்சான் சீக்கிரம் சாப்பிட்டு வந்திருந்தால்.

கர்னல் வண்டியேறப் போனபோது காவலாளி சல்யூட் அடித்திருக்கிறார். அவர் நின்று, எந்த யூனிட் என்று விசாரித்திருக்கிறார். அப்போது இவர் கேட்டாராம்: "சாப், அந்தப் பையன் எந்த ஊரு?" இதைக் காவலாளி என்னிடம் சொன்னபோது எனக்குக் கால் தளர்ந்தது. முந்நூறு பேரில் ஒருவருக்கும் வராத கேள்வி. நான் தொண்டையில் வைத்துக்கொண்டு தேடிய கேள்வி.

"சொன்னாராண்ணே?" என்றேன்.

"உடனே சொன்னாருண்ணா. ஊரு, தெரு, அவங்கம்மா பேரு. வருஷம் ஒருவாட்டி போயிட்டு வர்றாராம். அந்த அம்மா இவருக்கு மொச்சைக் குழம்பு வெச்சுப் போடுமாம்."

"நீங்க அட்டென்ஷன்லயே நின்னுக்கிட்டிருந்தீங்களா?"

"இல்லண்ணா. ரெண்டு பேரும் சும்மாதான் நின்னுக்கிட்டிருந்தோம். இங்கதான்." காலைக் காட்டினார். ஜல்லி ஒதுங்கிக் கிடந்த இடத்தில் கோமுகிக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.